65-க்கு மேல் என்றொரு கட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓய்வுக்காலச் சேமிப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு எக்செல் கோப்பைத் திறந்து உட்கார்ந்தேன். நண்பர் ஒருவர் அனுப்பியது. இப்போதைய வயது, மாதச் செலவு, விலைவாசி எவ்வளவு ஏறும், சேமிப்புக்கு வட்டி எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. ‘எத்தனை வயதுவரை’ என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் விளக்கமாகக் கேட்க, கோப்பைச் செய்தவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அவரே அதில் 85 என்று போட்டு வைத்திருந்தார். அப்படியே விட்டால் அடியில் பச்சை நிறம் வந்தது: பணம் போதும். 90 என்று மாற்றினேன், மஞ்சள். 95 போட்டதும் சிவப்பு. பக்கத்து அறையில் என் பாட்டி, மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாட்டிக்கு 93. எழுந்து போன அம்மாவுக்கு 69.

அந்தக் கோப்பின் கணக்குப்படி பாட்டி எட்டு வருடமாக இல்லை.

நூறாண்டு வாழ்க என்று வாய் நிறைய வாழ்த்துகிறோம். வாழ்த்து பலித்துவிட்டால் செலவு யாருடையது என்று வாழ்த்துகிறவரும் யோசிப்பதில்லை, வாங்கிக்கொள்கிறவரும் யோசிப்பதில்லை. யோசித்தவர்கள் காப்பீட்டுத் தொழிலில் இருக்கிறவர்கள்தான். அவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஆள் சீக்கிரம் போய்விடுவாரோ என்பது ஆயுள் காப்பீடு விற்றவரின் பயம். போகாமலே இருந்துவிடுவாரோ என்பது பென்ஷன் தருகிறவரின் பயம். இரண்டாவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நீண்ட ஆயுள் அபாயம்’. முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசீர்வாதம் அங்கே அபாயமாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த அபாயம் எப்படியிருக்கும் என்பதற்கு ஆர்ல் நகரத்து வக்கீல் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரான்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. வயதானவர் தன் வீட்டை ஒருவருக்கு எழுதிவைப்பார். வாங்குகிறவர், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை தர வேண்டும். அவர் காலமானபின் வீடு இவருக்கு. 1965-ல் ஆந்த்ரே ஃபிரான்சுவா ராஃப்ரே என்ற பத்திரப்பதிவு வக்கீல் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டார். அவருக்கு 47 வயது, எழுதிக்கொடுத்த பெண்மணிக்கு 90. மாதம் 2,500 ஃபிராங்க். யார் கணக்குப் போட்டாலும் வக்கீல் பக்கம்தான் லாபம். அந்தப் பெண்மணியின் பெயர் ழான் கல்மோ.

மாதாமாதம் முப்பது வருடம் பணம் போனது. வீட்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து முடித்து, அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருக்காமல், 1995-ல் தனது 77-வது வயதில் வக்கீல் காலமானார். அதன்பிறகு அவர் குடும்பம் தொடர்ந்து கொடுத்தது. கல்மோ 1997-ல்தான் மறைந்தார், 122 வயதில். உலகில் சான்றுகளோடு பதிவான மிக நீண்ட ஆயுள் இன்றுவரை அவருடையதுதான். (அது கல்மோவே இல்லை, அவர் மகள் என்று ரஷ்யாவிலிருந்து ஒரு வாதம் 2018-ல் கிளம்பியது. வயதை ஆராய்ந்து சரிபார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை.)

வக்கீல் முட்டாள் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. தன் காலத்துக் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டார். கணக்குக்குள் அடங்காத ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இன்று ஒவ்வொரு நாடும் அந்த வக்கீலின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒரு கல்மோ இல்லை, கோடிக்கணக்கில் சின்னச் சின்ன கல்மோக்கள்.

ஜெர்மனியில் அரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1889-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. அவருக்கே அப்போது 74 நடந்துகொண்டிருந்தது. 65 ஆகக் குறைத்தது 1916-ல்தான். அமெரிக்காவில் மாதாந்தர ஓய்வூதியத்தின் முதல் காசோலை 1940 ஜனவரியில் ஐடா மே ஃபுல்லர் என்பவருக்குப் போனது. மூன்று வருட வேலையில் அவர் செலுத்தியிருந்த மொத்த வரி 24 டாலர் 75 சென்ட். முதல் மாதமே 22 டாலர் 54 சென்ட் வந்துவிட்டது. அவர் 100 வயதுவரை இருந்தார். வாங்கியது மொத்தம் 22,888 டாலர். அவரைப் போன்றவர்கள் குறைவாகவும், வரி கட்டுகிற இளையவர்கள் ஏராளமாகவும் இருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. 65 என்ற அந்த எண் மட்டும் கல்வெட்டுபோல் நின்றுவிட்டது.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லிவிட வேண்டும். 1900-ல் உலகின் சராசரி ஆயுள் முப்பதைச் சற்றே தாண்டியது என்றால், அப்போது எல்லோரும் முப்பதிலேயே போய்விட்டார்கள் என்று பொருளில்லை. பிறந்த குழந்தைகளில் பலர் ஐந்து வயதைக் காணவில்லை; அந்தச் சாவுகள்தான் சராசரியைக் கீழே இழுத்தன. ஆகவே முதல் பாதி வெற்றி குழந்தைகளைக் காப்பாற்றியதில் வந்தது: சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, பாதுகாப்பான பிரசவம். பிழைத்த குழந்தை வளர்ந்து உழைத்து வரி கட்டியது, பொருளாதாரத்துக்கு அதில் லாபம்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த வெற்றி வேறு மாதிரி. மாரடைப்பும் பக்கவாதமும் தள்ளிப்போயின. கூடுதல் ஆண்டுகள் வாழ்க்கையின் பின்புறத்தில் வந்து ஒட்டிக்கொண்டன.

எவ்வளவு வேகமாக என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. உலகிலேயே அதிக ஆயுள் உள்ள நாடு எது என்று 1840-லிருந்து ஒவ்வொரு வருடமும் குறித்துக்கொண்டே வந்தால் கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு வருகிறது என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஓப்பன், வௌப்பெல் இருவரும் 2002-ல் காட்டினார்கள். அன்று ஸ்வீடன் பெண்களுக்கு 45, பின்னாளில் ஜப்பான் பெண்களுக்கு 85. பத்தாண்டுக்கு இரண்டரை ஆண்டு. அதாவது ஒரு நாள் கழிந்தால் ஆறு மணி நேரம் திரும்பக் கைக்கு வந்தது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக. இப்போது முன்னணி நாடுகளில் இந்த வேகம் தளர்ந்துவிட்டது என்கிறார் ஆயுளை ஆராயும் ஜே ஓல்ஷான்ஸ்கி. இல்லை, 150 வயதைத் தொடப்போகிறவர் ஏற்கெனவே பிறந்துவிட்டார் என்கிறார் உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டட். இருவரும் 2000-ல் ஆளுக்கு 150 டாலர் பந்தயம் கட்டினார்கள். முடிவு 2150-ல் தெரியும். பணம் வாரிசுகளுக்குப் போகும்.

யார் ஜெயித்தாலும் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை. 150 வருவதற்கு முன்பே 93 வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குள்.

உலக அளவில் சராசரி ஆயுள் இன்று ஏறக்குறைய 73. நோய் நொடியின்றி வாழும் காலம் அதைவிடச் சுமார் 10 வருடம் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன. இரண்டுமே கூடித்தான் வருகின்றன, ஆனால் நடுவிலிருக்கும் அந்த இடைவெளி மூடவில்லை. நோய் வரும் வயதைத் தள்ளிக்கொண்டே போனால் படுக்கைக் காலம் கடைசிச் சில மாதங்களாகச் சுருங்கிவிடும் என்று மருத்துவர் ஜேம்ஸ் ஃபிரைஸ் 1980-ல் எழுதினார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடந்தது பாதிதான். ஒரு நோயை விரட்டினால் அடுத்தது வாசலில் நிற்கிறது. புற்றுநோயை அடியோடு ஒழித்தாலும் சராசரி ஆயுளில் கூடுவது மூன்று ஆண்டு அளவுக்குத்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புற்றுநோயிலிருந்து தப்பியவர் சில வருடத்தில் இதயத்தாலோ மறதியாலோ விழுகிறார். நோய்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட்டு, முதுமையின் வேகத்தையே குறைக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்கள் பார்ப்பது இதனால்தான்.

அந்தப் பத்து வருட இடைவெளியில் ஒருவரை யார் தூக்கி உட்காரவைப்பது? இந்தக் கேள்விக்கு வரும்போது பொருளாதாரக் கட்டுரைகள் எல்லாம் திடீரென்று பொதுவாகப் பேச ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டில் அது இப்படி. காலை ஐந்தரைக்குப் பாட்டி கண் விழிப்பார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாட்டியின் இரண்டு கைகளையும் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் எழ வேண்டும். அம்மாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். ஆகவே வலது காலில் எடையைப் போட்டு, எழும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். சுவரில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் மங்கியிருக்கிறது. மாத்திரைப் பெட்டிகள் இரண்டு, ஒன்று பாட்டியுடையது, மற்றது அம்மாவுடையது. இரண்டிலும் ரத்த அழுத்த மாத்திரை ஒரே நிறம் என்பதால் அம்மா தன்னுடைய பெட்டியில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார். ஒருநாள் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பயந்துபோன பிறகு வந்த ஏற்பாடு இது.

முதியவரை முதியவரே பார்த்துக்கொள்வதற்கு ஜப்பானியர்கள் தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள்: ரோரோ கைகோ. நம் மொழியில் இதற்குச் சொல் இல்லை. கொள்ளுத்தாத்தா, எள்ளுப்பேரன் என்று தலைமுறைகளுக்கு மேலும் கீழும் பெயர் வைத்த மொழிதான். ஆனால் 69 வயது மகள் என்ற நிலைக்குப் பெயர் வைக்கும் தேவை முன்பு வந்ததில்லை.

இனி அந்த மகள் பொருளாதாரத்தில் எப்படிப் பதிவாகிறார் என்று பாருங்கள். ஒரு நாடு எவ்வளவு மூத்துவிட்டது என்று அளக்கச் ‘சார்ந்திருப்போர் விகிதம்’ என்று ஒன்று உண்டு. 65-க்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கையை உழைக்கும் வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். இந்த விகிதம் ஏறுகிறது என்றால் சுமை கூடுகிறது என்று பொருள். என் அம்மா அதில் சுமைப் பக்கத்தில் இருக்கிறார். ஐந்தரைக்கு எழுந்து இன்னொரு சுமையைத் தூக்குகிறவரும் சுமை. அவர் செய்வதையே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் சேரும். அம்மா செய்வதால் சேராது. கருத்துக்கணிப்புப் படிவங்களும் இதே ரகம்தான். 18 முதல் 24, 25 முதல் 34 என்று இளமையைப் பொறுப்பாகக் கூறுபோட்டு வருவார்கள். கடைசியில் ‘65-க்கு மேல்’ என்று ஒரே கட்டம். தாயும் மகளும் அதில் சேர்ந்தே அடைந்து கிடக்கிறார்கள். 24-க்கும் 34-க்கும் இருக்கிற வித்தியாசம் 69-க்கும் 93-க்கும் இல்லையா?

ஆயுள் நீண்டது பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயுளைப் போட்டுவைக்கும் கட்டங்கள் பழையவை. படிக்க இருபது வருடம், உழைக்க நாற்பது வருடம், மீதி ஓய்வு என்ற மூன்று கட்டத்தை எழுபதில் முடியும் ஒரு வாழ்க்கைக்காக வரைந்தார்கள். இருபது ஆண்டு கூடியபோது அதை மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்காமல் அப்படியே மூன்றாவதில் கொட்டிவிட்டோம். அது பொங்கி வழிகிறது. நடுக் கட்டத்திலோ மூச்சுவிட இடமில்லை. குழந்தை வளர்ப்பு, வீட்டுக் கடன், வேலையில் ஏற்றம், பெற்றோர் நோய் எல்லாம் முப்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

அரசாங்கங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ஓய்வு வயதை ஏற்றுவது. பிரான்சில் 62-ஐ 64 ஆக்கப் போய் 2023-ல் தெருவெல்லாம் கொந்தளித்தது. டென்மார்க் ஆயுளோடு ஓய்வு வயதைக் கட்டிவிட்டது. 2040-ல் 70 என்று 2025 மே மாதம் அங்கே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. கணக்கில் குறையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் என்னைப்போன்றவர்களுக்கு 70 ஒன்றும் பெரிய விஷயமில்லை. சாரத்தில் ஏறிச் செங்கல் தூக்குகிறவருக்கு? ஆயுள் எல்லோருக்கும் ஒரே அளவில் நீளவில்லை. அமெரிக்காவில் வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு சதவீத ஆண்களுக்கும் அடியிலுள்ள ஒரு சதவீத ஆண்களுக்கும் இடையே ஆயுளில் 14.6 ஆண்டு வித்தியாசம் இருப்பதைப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் 2016-ல் கண்டார்கள். ஓய்வு வயதை எல்லோருக்கும் இரண்டு வருடம் ஏற்றினால் பணக்காரருக்கு அவருடைய ஓய்வில் ஒரு சின்னத் துண்டு போகிறது. ஏழைக்குச் சில வேளை ஓய்வு முழுவதுமே போய்விடுகிறது. சீக்கிரம் சாகிறவர் கட்டிய பணத்தில் நீண்ட நாள் வாழ்கிறவர் பென்ஷன் வாங்குகிறார் என்று பச்சையாகச் சொல்லலாம். வயதை வைத்துப் பார்ப்பதைவிட எத்தனை வருடம் உழைத்தார், என்ன வேலை செய்தார் என்று பார்த்து ஓய்வு கொடுப்பது நியாயம் என்பேன். நடைமுறையில் தலைவலி பிடித்த வேலைதான், எது கடின வேலை என்று முடிவு செய்வதிலேயே சண்டை வரும். வரட்டும்.

வயதானவர்கள் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இளைஞருக்கு வேலை எங்கே என்பது அடுத்து எழும் கேள்வி. பொருளாதார அறிஞர்கள் இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. சம்பாதிக்கிறவர் செலவு செய்வார், அந்தச் செலவில் வேறு வேலைகள் பிறக்கும், வேலைகளின் எண்ணிக்கை நிலையானது இல்லை என்பார்கள். சரிதான். ஆனால் வேலை பெருகுகிற மாதிரி நாற்காலி பெருகாது. தலைமைப் பதவி ஒன்றுதான். உயிரியல் துறையில் பெயர்பெற்ற விஞ்ஞானிகள் திடீரென்று மறைந்த பிறகு அவர்கள் துறைகளில் என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர் பியேர் அசுலே குழுவினர் ஆராய்ந்தார்கள். அதுவரை ஒதுங்கியிருந்த வெளியாட்கள் உள்ளே வந்து புதிய கருத்துகளோடு எழுத ஆரம்பித்தார்களாம். பெரியவர் யாரையும் தடுத்திருக்கவில்லை, இருந்தார், அவ்வளவுதான். 120 வயதுவரை ஆட்கள் இருக்கும் உலகத்தில் பதவிகளுக்குக் கால வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை.

சொத்தும் அப்படியே. எலிசபெத் அரசி 2022-ல் 96 வயதில் மறைந்தபோது சார்ல்ஸுக்கு 73. உலகிலேயே மிகப் பிரபலமான வாரிசு, ஊரெல்லாம் ஓய்வுபெறும் வயதைக் கடந்தபின் முதல் நாள் வேலைக்குப் போனார். அரண்மனைக்கு வெளியேயும் இதுதான் கதை. பெற்றோர் தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தால் பிள்ளைகளுக்குச் சொத்து அறுபதுக்கு மேல்தான் வரும், மீதமிருந்தால். வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் முப்பதில் தேவைப்படுகிற பணம், ஓய்வுபெற்றவரிடமிருந்து ஓய்வுபெற்றவருக்குக் கைமாறுகிறது. எவ்வளவு நாள் இருப்போம் என்று தெரியாத பயத்தில் முதியவர்கள் செலவு செய்யாமல் சேர்த்தும் வைக்கிறார்கள். சேர்க்கிறவர் அதிகமாகி முதலீட்டுக்குக் கேட்கிறவர் குறைந்தால் வட்டி விகிதம் இறங்கும். பல பணக்கார நாடுகளில் வட்டி பல பத்தாண்டுகளாகச் சரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

சந்தைக்கு மட்டும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானின் ஓஜி நிறுவனம் உள்நாட்டில் குழந்தை டயப்பர் செய்வதை 2024-ல் நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கானதில் இறங்கியது. அதே நாட்டின் அரசு 1963-ல் நூறு வயதை எட்டுகிறவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்க ஆரம்பித்தபோது நாடு முழுவதும் நூறைத் தொட்டவர்கள் 153 பேர். 2016-ல் வெள்ளி கட்டுப்படியாகாமல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்துக்கு மாறினார்கள். 2025-ல் அந்த எண்ணிக்கை 99,763.

கட்டங்களை மாற்றுவது என்றால் என்ன என்று அம்மாவை வைத்துத்தான் யோசிக்க முடிகிறது. தாத்தா படுக்கையில் விழுந்தபோது அம்மாவுக்கு வயது 48. வேலையை விட்டார். ஒரு வருடம் சம்பளத்தோடு விடுப்பும் திரும்பிப் போக ஓர் இடமும் இருந்திருந்தால் அவர் இன்னும் இருபது வருடம் உழைத்திருப்பார், தனக்கென்று ஒரு பென்ஷனும் இருந்திருக்கும். 62-ல் கணக்குப்பதிவியல் படிக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு படிப்புக்கு இணையத்தில் விண்ணப்பிக்கப் போனார். பிறந்த வருடத்துக்கான பட்டியலில் கீழே கீழே இறக்கிப் பார்த்தோம், அவர் பிறந்த வருடமே அதில் இல்லை. அதற்கு முன்பே முடிந்துவிட்டது. யாரும் அவரை வேண்டாம் என்று மறுக்கவில்லை. படிவம் செய்தவருக்கு அப்படி ஓர் ஆள் வருவார் என்று தோன்றவில்லை. அம்மா சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் ஏழு வருடம் கிடந்தது, இன்னும் இருபதோ முப்பதோ கிடக்கலாம். குடும்பத்தில் பெண்கள் போகிற போக்கைப் பார்த்தால் கிடக்கும் என்றே நினைக்கிறேன்.

எக்செல் கோப்பை 95-லேயே விட்டுவிட்டேன். சிவப்பாகத்தான் இருக்கிறது. நடுவில் புதிதாக இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: ‘53, படிப்பு, வருமானம் இல்லை’, அதற்கடுத்து ‘அம்மா’ என்று மட்டும். வருடம் போடவில்லை. இரண்டும் சேர்ந்தபின் சிவப்பு இன்னும் மேலே ஏறிவிட்டது.

அன்று மாலை பாட்டியைக் கூடத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டி, உனக்கு இப்ப என்ன வயசு?”

“அறுபத்தொன்பதும்மா.”

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இந்தச் சின்ன வயசுலயே உனக்கு முட்டி போயிடுச்சா?”